சுருங்கையும் சுரங்கமும்



2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி செய்தித்தாளும் கையுமாக என்னிடம் வந்தாள். உத்தரகாண்ட் மாநிலத்தில் சில்க்யாரா என்னும் இடத்தில் மலையைக் குடைந்து சாலை அமைத்துக்கொண்டிருந்தபோது, அம்மாதம் 12-ஆம் நாள் உட்புறத்தில் மண்ணும் பாறையும் சரிந்து வழியை அடைத்துவிட, 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டுக்கொண்டனர் அல்லவா? அந்தச் செய்திதான் அவள் கையில் இருந்தது.

"தாத்தா, அந்தச் சுரங்கத்தில் அவர்கள் என்ன தோண்டிக்கொண்டிருந்தார்கள்? தங்கமா, நிலக்கரியா?" என்று கேட்டாள்.

"ஒன்றும் எடுக்கவில்லை அம்மா. வண்டிகள் போவதற்கு வழி அமைத்துக்கொண்டிருந்தார்கள்" என்றேன்.

"வழி என்றால் வழி என்று போடக்கூடாதா? ஏன் சுரங்கத் தொழிலாளர்கள் என்று போட்டிருக்கிறார்கள்?"

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்து, அவற்றுள் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் இருந்த எனக்கு, அக்கேள்விக்கு உடனே விடை கூற இயலவில்லை. குழந்தையின் ஐயம் நியாயமானது. நாம் ஒரே சொல்லை இரண்டு பொருள்களுக்கு வைத்துக்கொண்டு, இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல்லைப் பற்றியே இன்று சில கருத்துகளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

கோலாரில் பூமிக்கடியில் பதினாயிரம் அடிக்கும் மேலான ஆழம்வரை இறங்கிப் பொன் எடுத்தார்கள். 2001-ஆம் ஆண்டில் அப்பணி நிறுத்தப்பட்டது. அதனைத் தங்கச் சுரங்கம் என்றோம். சென்னையில் 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் நிலத்தடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதனைச் சுரங்க ரயில் என்கிறோம். சாலையின் ஒரு புறத்திலிருந்து மறு புறத்திற்குப் படியிறங்கிச் சென்று ஏறும் வழியும் சுரங்கப்பாதைதான். மழைக்காலம் வந்துவிட்டால் அதில் நீர் தேங்கிய செய்தி நாள்தோறும் வரும். கற்றறிந்த பெரியவர் ஒருவரை மேடையில் புகழ வேண்டுமாயின், அறிவுச் சுரங்கம் என்று விடுகிறோம். இவற்றுள் விந்தையானது நெய்வேலி. அங்கே நிலத்தை மேலிருந்தே அகழ்ந்து மண்ணை அகற்றிப் பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள். குடைவும் இல்லை, இருளும் இல்லை; வேலை செய்பவரின் தலைக்கு மேல் வானம் இருக்கிறது. ஆயினும் அதுவும் சுரங்கமே!

மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வதற்கு எளிய வேறுபாடு ஒன்று கூறலாம். ஒன்றை எடுத்துவருவதற்காகப் புகும் இடம் கனிமச் சுரங்கம். அதற்கு ஒரு வாய் இருந்தாலே போதும்; புகுந்த வாய் வழியே திரும்பிவரலாம். மறுபுறம் செல்வதற்காகப் புகும் இடம் சுரங்கவழி. அதற்கு இரண்டு வாய்கள் வேண்டும். சில்க்யாராவில் நேர்ந்த துன்பமே இதனால்தான்: இரண்டாவது வாய் திறக்கப்படுமுன், முதல் வாய் அடைபட்டுவிட்டது.

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் இல்லை; கனி எடுக்கும் இடத்திற்கு ஒரு சொல்லும், குடைந்த வழிக்கு 'டனல்' என்னும் வேறொரு சொல்லும் உள்ளன. ஆனால் டனல் என்பதும் பிறந்தபோதே இப்பொருளோடு பிறந்ததன்று. பழைய பிரெஞ்சு மொழியில் பீப்பாயைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து அது வந்தது. ஆங்கிலத்தில் முதலில் அது கௌதாரி பிடிக்கும் வலைக்குப் பெயராயிற்று. வாய் அகன்று, போகப்போக ஒடுங்கி, பீப்பாய்போல வளையங்கள் வைத்துத் தைத்த நீண்ட வலை அது. பின்னர்ப் புகைபோக்கிக்கும் அப்பெயர் வழங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் படகுக் கால்வாய்களை வெட்டியபோது குன்றுகள் குறுக்கிட்டன. குன்றுகளைக் குடைந்து கால்வாயைச் செலுத்தினார்கள். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளர் தொடங்கி, 1777-ஆம் ஆண்டில் நிறைவேறிய ஹேர்காசில் குடைவழி அவற்றுள் புகழ் பெற்றது. அக்காலத்தில்தான் பறவை பிடிக்கும் வலையின் பெயர் மலை குடைந்த வழிக்கு வந்து ஒட்டிக்கொண்டது. நிறுத்தலளவையாகிய டன் என்பதும் அந்தப் பீப்பாய்க் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இனி நம் சொல்லுக்கு வருகிறேன். இங்கே நான் செய்த ஒரு தவற்றைக் கூறியாக வேண்டும்.

1986-ஆம் ஆண்டு. நான் வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். எங்கள் பள்ளித் தமிழாசிரியர் உடல்நலமின்றி நீண்ட விடுப்பில் இருந்ததால், ஒன்பதாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வுத் தமிழ் விடைத்தாள்களைத் திருத்தும் பொறுப்பு என்மீது விழுந்தது. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் எழுதுமாறு ஒரு வினா. அவற்றுள் ஒன்று டனல். பாடநூலில் இருந்த விடை சுரங்கப்பாதை என்பது. ஒரு மாணவன் 'சுருங்கை' என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழை என்று கருதி, சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அந்த ஒரு மதிப்பெண் போனதால் அவனுடைய மொத்தம் 34 ஆயிற்று. தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

விடைத்தாளை வாங்கிய அவன் என் மேசையருகில் சற்று நேரம் நின்றான். "ஐயா, எங்கள் தாத்தா இப்படித்தான் சொன்னார்" என்றான். அவனுடைய பாட்டனார் ஊரில் பழைய நூல்களைப் படித்துப் பொருள் சொல்லும் வழக்கமுள்ளவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், "தாத்தாவைக் கேட்டு எழுதுவதற்கா பள்ளிக்கூடம்? புத்தகத்தில் உள்ளதை எழுது" என்று கூறி அனுப்பிவிட்டேன். பிழை என்று அடிக்குமுன் அகராதியைப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அகராதி ஓய்வறை அலமாரியில், பத்தடி தொலைவில் இருந்தது.

பையன் ஆண்டுத் தேர்வில் தேறிவிட்டான். ஆனால் அதன்பின் அவன் எழுதிய விடை எதிலும் அவனுடைய சொல் என்று ஒன்றும் இல்லை. குறிப்பேட்டில் எழுதிப் போட்டதை அப்படியே ஒப்புவித்து எழுதினான். அதற்கு நான் நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தேன்.

ஐந்து ஆண்டுகள் சென்றன. தமிழில் முதுகலைத் தேர்வுக்குத் தனியே படிக்கத் தொடங்கிய நான், 1991-ஆம் ஆண்டில் ஓர் இரவு சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் இருந்தேன். கோவலன் மதுரை நகரைக் காணப் போகும் பகுதி அது. யானைக் கூட்டம் நிரையாகச் செல்லும் அளவுக்கு அகன்ற சுருங்கை வீதியின் பக்கமாக அவன் செல்கிறான் என்கிறார் இளங்கோவடிகள். சுருங்கை! அந்தச் சொல்லைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டேன். பிறகு தேடத் தேட, பரிபாடலில் அது இருந்தது, மணிமேகலையில் இருந்தது. நிலத்திற்குள் மறைவாகச் செல்லும் வழி, நீர் வெளியேறும் கரந்த வாய்க்கால் ஆகிய இரு பொருள்களிலும் நம் முன்னோர் அதனை ஆண்டிருக்கின்றனர். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக இருந்துவரும் சொல்லை நான் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அந்த மாணவன் அப்போது பள்ளியை முடித்து, குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டான். அவன் இருக்குமிடம் எனக்குத் தெரியவில்லை.

இச்சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே வழக்கு உண்டு. சுருங்குதல் என்னும் வினையடியாகப் பிறந்தது, குறுகிய வழி என்பது பொருள் என்று சொல்வாருண்டு. பால் சுரப்பதுபோல நிலம் பொருளைச் சுரந்து தருவதால் சுரங்கம் என்பாருமுண்டு. இது காதுக்கு இனிமையாக இருக்கிறதே தவிர, என் அறிவுக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. வடமொழியில் 'சுருங்கா' என்று ஒரு சொல் உள்ளது. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலும், பாரதத்தில் அரக்கு மாளிகைப் பகுதியிலும் அது வருகிறது. அரக்கு மாளிகைக்குத் தீ வைக்கப்படும் முன்பே விதுரன் அனுப்பிய ஆள் ஒருவன் தரைக்கடியில் வழி தோண்டிவைக்க, பாண்டவர்கள் அதன் வழியே தப்பினார்கள் என்பது நீங்கள் அறிந்த கதை. இந்தச் சுருங்கா, கிரேக்க மொழியில் குழாயையும் ஊதுகுழலையும் குறிக்கும் 'சிரிங்க்ஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது என்று ஐரோப்பிய அறிஞர் சிலர் எழுதினர். கோட்டைகளை முற்றுகையிட்டுக் குடையும் கலையோடு சொல்லும் வந்ததாம்.

இதில் எனக்கு வியப்பூட்டியது ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தில் சுருங்கை வீதியைக் கூறிய உடனேயே, கோட்டை வாயிலைக் காத்துநின்ற யவனர்களைக் கூறுகிறார் இளங்கோ. யவனர் என்றால் கிரேக்க, உரோம நாட்டவர். சொல்லும், அச்சொல்லுக்கு உரியவர் எனக் கூறப்படும் மக்களும் அடுத்தடுத்த அடிகளில் நிற்கின்றனர். இதனைக் கொண்டு யாதொன்றையும் நிறுவிவிட முடியாது. அருகில் நிற்பதெல்லாம் உறவு என்று கொண்டால் வரலாறு எழுத முடியாது. எனினும் நினைத்து நினைத்து மகிழத்தக்க செய்தி.

நம் நாட்டில் கோட்டையும் பழங்கோயிலும் உள்ள ஊர்களில் சுரங்கக் கதை இல்லாத ஊர் அரிது. "இங்கே இறங்கினால் மதுரை அரண்மனையில் ஏறலாம்", "இராணி குதிரையிலேறி இதன் வழியாகத்தான் தப்பினாள்" என்பார்கள். நான் பணியாற்றிய ஓர் ஊரில் இடிந்த மண்கோட்டை ஒன்று இருந்தது. அதன் அடியில் இருந்த துவாரத்தைப் பற்றியும் அப்படியொரு கதை. 1984-ஆம் ஆண்டில் மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு, கைவிளக்கோடு உள்ளே புகுந்தேன். குனிந்தே செல்லவேண்டியிருந்தது. பதினைந்து அடி சென்றதும் வண்டல் மண் மேல்வரை அடைத்திருந்தது. சுற்றிலும் செங்கற்கட்டு, தரை ஒரு புறமாகச் சரிந்திருந்தது. கோட்டைக்குள் பெய்த மழைநீரை அகழிக்கு வெளியேற்றும் வடிகால் அது; வேறொன்றுமில்லை. பையன்களின் முகம் வாடிவிட்டது. "வெறும் சாக்கடை சார்!" என்றான் ஒருவன். சுருங்கை என்ற சொல் அன்று எனக்குத் தெரிந்திருக்குமானால், "அடே, மணிமேகலையில் வருவது இதுதானடா!" என்று அவர்களிடம் சொல்லியிருப்பேன்.

நூல்வழக்கு இருக்கட்டும், மக்கள் வாயில் வழங்கும் சொற்கள் இன்னும் பல. எலிக்கும் நண்டுக்கும் வளை. மரத்திலிருப்பது பொந்து. ஏரிக்கரையின் அடியில் நீர் செல்லும் குழாய்வழி தூம்பு. கள்வர் சுவரில் இடும் துளை கன்னம். இடும் கருவி கன்னக்கோல். உட்டுளை உடையதைப் புழை என்றார்கள். அதனால் யானையின் துதிக்கை புழைக்கை. வீட்டின் பின்புறத்தைப் புழக்கடை என்கிறோமே, அது புழைக்கடை என்பதன் மரூஉ. கம்பராமாயணத்தில் வானரர்கள் இருளில் வழி தெரியாமல் தவிக்கும் இடம் பிலம். இத்தனையும் நம்மிடம் இருக்க, சுரங்கம் என்னும் ஒரே சொல்லின் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றிவைத்திருக்கிறோம்.

திருநெல்வேலிப் பக்கத்தார் ரயில் செல்லும் குடைவழியைக் குகை என்பார்கள். நானும் சிறுவயதில் அப்படித்தான் சொல்வேன். செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லம் செல்லும் இருப்புப்பாதை 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பகவதிபுரத்தைத் தாண்டியதும் வண்டி மலைக்குள் நுழையும். பெட்டிக்குள் கும்மிருட்டு, புகை மணம், பிள்ளைகளின் கூச்சல். வெளியே வந்தால் வேறு உலகம். இந்தப் பக்கம் காய்ந்த பனையும் உடைமரமும். அந்தப் பக்கம் சாரலும் பலாவும் இரப்பரும். நிலையப் பலகையில் மலையாளம். மாணவர்களை அழைத்துச் சென்ற ஒவ்வொரு முறையும், மேற்குத்தொடர்ச்சி மலை மழையைத் தடுக்கிறது என்னும் பூகோளப் பாடத்தைப் பத்து நிமிடத்தில் அந்தக் குகை நடத்திமுடித்துவிடும். எனக்கு வேலையே இராது. அந்தச் சிறு இருப்புப்பாதை 2010-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது.

கேரளத்தின் வடகோடியில் காசர்கோட்டுப் பகுதியில் சுரங்கம் என்றால் கிணறு. மேலிருந்து கீழே தோண்டாமல், செம்பாறைக் குன்றின் பக்கவாட்டில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் குடைந்துகொண்டே போகிறார்கள். ஊற்றுக்கண் அகப்பட்டதும், நீர் தானாகவே வெளியே வழிந்துவருகிறது, இறைக்க வேண்டியதில்லை. மலையாளத்திலும் கன்னடத்திலும் அதற்குச் சுரங்கம் என்ற பெயரே வழங்குகிறது. ஒரு வாய் உடையது, ஆயினும் கனி எடுப்பதன்று. நான் முன்னே கூறிய எளிய வேறுபாட்டை இது கவிழ்த்துவிடுகிறது. ஆசிரியன் வகுக்கும் விதிகள் பலவும் இப்படித்தான்.

மதுரை, தேனி மாவட்ட மாணவர்களுக்கு ஒன்று கூறுகிறேன். பென்னிகுயிக் என்னும் பொறியாளர் கட்டி, 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரியாற்று அணையை எல்லோரும் அறிவர். கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பொங்கல் நாளில் அவர் படத்தை வைத்து வணங்குகிறார்கள். ஆனால் அணை நீரைத் தேக்கியதே அன்றி, நமக்குக் கொண்டுவரவில்லை. பெரியாறு மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் வீழும் ஆறு. அதன் நீர் கிழக்கே வரவேண்டுமாயின், இடையே மலை நிற்கிறது. தேக்கடிப் பக்கத்தில் பாறையை வெடிவைத்துப் பிளந்து, ஒரு மைலுக்கு மேல் குடைந்து, அதன் வழியே நீரை இப்புறம் இறக்கினார்கள். அந்நீர் வைகையைச் சேர்ந்து வயல்களுக்குப் பாய்கிறது. காய்ச்சலாலும் கொள்ளைநோயாலும் அக்காட்டில் மாண்ட தொழிலாளர் பலர். பாடநூல்கள் அணையின் படத்தைப் போடுகின்றன. குடைவழிக்கு ஒரு வரி கொடுத்தால் அதிகம். கண்ணுக்குத் தெரியாமல் பாறைக்குள் இருப்பதால் மறந்துவிட்டோம் போலும். மேலூர் வயலில் நடவு நடும் பெண்ணின் காலை நனைக்கும் நீர் அந்த இருட்டைக் கடந்து வந்த நீர்.

குடையும் முறையும் மாறிவந்திருக்கிறது. இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் அடியில் மார்க் புரூனல் என்பவர் 1825-ஆம் ஆண்டில் குடையத் தொடங்கினார். கப்பல் மரத்தைத் துளைக்கும் புழுவொன்று, முன்னே ஓட்டால் அரித்துக்கொண்டே, பின்னே துளைக்குச் சுண்ணப் பூச்சுப் பூசிக்கொண்டு செல்வதை அவர் உற்றுநோக்கினாராம். அதைப்போலவே ஓர் இரும்புச் சட்டத்தைச் செய்து, அதன் அறைகளில் ஆட்களை நிறுத்தி, முன்னே மண்ணை வெட்டச் செய்து, பின்னே உடனுக்குடன் செங்கல் கட்டிக்கொண்டே சென்றார். ஆறு உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்ததில் 1828-ஆம் ஆண்டில் அறுவர் இறந்தனர். 1843-ஆம் ஆண்டில்தான் வேலை முடிந்தது. சென்னையில் மெட்ரோ ரயிலுக்காக நிலத்தடியில் குடைந்து செல்லும் பெரும் பொறிகள் அந்தச் சட்டத்தின் வழித்தோன்றல்களே. இரண்டாம் கட்டப் பணியில் ஈடுபட்ட பொறிகளுக்கு நீலகிரி, ஆனைமலை என்று பெயர் சூட்டினார்கள். பூமியைக் குடையும் பொறிக்கு மலையின் பெயர்! யார் தேர்ந்தார்களோ, நல்ல நகைச்சுவை உணர்வு உடையவர்.

சில்க்யாராவில் அத்தகைய நவீனக் கருவிகள் இறுதியில் கைகொடுக்கவில்லை. சரிந்து கிடந்த மண்ணும் கல்லும் ஏறத்தாழ 60 மீட்டர் தடிப்பு. 6 அங்குலக் குழாய் ஒன்றைச் செலுத்தி அதன் வழியே சூடான உணவு அனுப்பினர். குழாய் என்றதும் எனக்குச் சிரிங்க்ஸ் என்ற அந்தக் கிரேக்கச் சொல் நினைவுக்கு வந்தது. ஆள் வெளிவருவதற்கான பெரிய குழாயைத் துளைப்பொறி கொண்டு செலுத்திக்கொண்டிருக்கையில், கடைசிச் சில மீட்டர் இருக்கும்போது பொறி இரும்புக் கம்பிகளில் சிக்கி உடைந்துவிட்டது. அதன்பின் எலிவளைத் தொழிலாளர்களை அழைத்துவந்தனர். நிலக்கரிக்காக ஒடுங்கிய வளை தோண்டும் அம்முறை ஆபத்தானது என்று 2014-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்த தொழில் அது. அவர்கள் அந்தக் குழாய்க்குள் தவழ்ந்துசென்று, சிறு கருவிகளாலும் கைகளாலும் மண்ணை அகழ்ந்து தள்ளினர். நவம்பர் 28-ஆம் நாள் இரவு, பதினேழாம் நாளில், 41 பேரும் உயிரோடு வெளியே வந்தனர்.

மறுநாள் காலை என் பேத்தி செய்தித்தாளைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இவர்கள்தான் உண்மையான சுரங்கத் தொழிலாளர்கள், உள்ளே இருந்தவர்கள் வழி போட்டவர்கள். சரிதானே?" என்றாள். சரி என்றேன். அவளுடைய பள்ளிக் கட்டுரையில் உள்ளே இருந்தவர்களைச் 'சுருங்கைத் தொழிலாளர்' என்று எழுதலாமா என்று கேட்டாள். எழுது என்று சொன்னேன். ஆசிரியை அதனை அடித்தால் என்ன செய்வது என்றாள். சிலப்பதிகாரத்தில் எந்தக் காதை என்பதை அடைப்புக்குறிக்குள் குறித்துவிடு என்றேன்.

நேயர்களே, நேரம் ஆகிவிட்டது. உங்கள் ஊர் ஏரிக்கரையின் அடியில் நீர் செல்லும் வழியை முதியவர்கள் எப்பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு, மாணவர்கள் ஓர் அஞ்சலட்டையில் இந்நிலையத்தின் முகவரிக்கு எழுதி அனுப்பினால் நன்றியுடையவனாவேன். 1986-ஆம் ஆண்டில் 34 மதிப்பெண் பெற்ற அந்த மாணவன் இதைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின், அவனும் எழுதவேண்டும். அவனுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டியிருக்கிறது.